கேள்வி யாரை நோக்கி: கொங்கு நாட்டுச் சமூகப்பணியில் திறன் மேலாதிக்கம்

சமூகப்பணி மனிதநேயத்தில் வேர்கொண்ட தொழில் என்பதால் அதற்குள் பாகுபாடு குடியிருக்க வழியில்லை என்ற நம்பிக்கை, அத்தொழிலைச் செய்வோரிடமும் அவர்களை நாடி வருவோரிடமும் ஒருசேர நிலவுகிறது. இந்த நம்பிக்கையே ஒரு குறிப்பிட்ட வகைப் பாகுபாட்டை நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல் காத்து வந்திருக்கிறது. நடக்கவும் பார்க்கவும் கேட்கவும் பேசவும் விரைந்து கணக்கிடவும் வல்ல உடலும் மனமுமே மனிதரின் இயல்பு, அதிலிருந்து விலகிய எதுவும் குறை, அக்குறையோடு வாழும் வாழ்க்கை பிறர் வாழ்க்கையைவிட மதிப்பில் தாழ்ந்தது என்று எண்ணுவதும், அந்த எண்ணத்தின்படியே கட்டடங்களையும் விதிகளையும் உறவுகளையும் அமைத்துக்கொள்வதும் ஆங்கிலத்தில் ஏபிலிசம் எனப்படுகிறது. அதனை இவ்வுரை திறன் மேலாதிக்கம் என்று குறிக்கிறது. இதற்கு வெறுப்போ கொடுமனமோ தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் இது இரக்கத்தோடும் அக்கறையோடும் கைகோத்தே வருவதால், சமூகப்பணியாளரின் மேசை இதற்கு மிகவும் வசதியான இடமாகிவிடுகிறது.

கொங்கு நாட்டில் இந்த மேலாதிக்கம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதை முதலில் காண வேண்டும். மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் கிடந்த மேட்டு நிலத்தில் ஆழக் கிணறு வெட்டிக் கவலை இறைத்துப் பண்ணையம் பார்த்த மக்கள், அடுத்தடுத்த தலைமுறைகளில் கோவையின் நூற்பாலைகளையும் வார்ப்பட ஆலைகளையும் பம்புசெட் தொழிலையும், திருப்பூரின் பனியன் தொழிலையும், சோமனூர், பல்லடம் வட்டாரத்தின் விசைத்தறிகளையும் உருவாக்கினார்கள். இந்த வரலாற்றின் மீது இப்பகுதி மக்கள் கொண்டுள்ள பெருமிதம் நியாயமானது. எனினும் ஒருவர் யார் என்ற கேள்விக்கு அவர் என்ன பாடுபடுகிறார் என்பதே விடையாகிவிட்ட சமூகத்தில், பாடுபட இயலாதவராகக் கருதப்படுபவர் வீட்டுக் கணக்கில் செலவுப் பக்கத்தில் மட்டுமே இடம்பெறுகிறார். நோம்பி எனப்படும் விழாவுக்கு ஒரம்பரை, அதாவது உறவினர், வரும் நாளில் அவர் உள்ளறையிலோ சாளை எனப்படும் தோட்டத்துக் குடிலிலோ இருத்தப்படுவதும், உடன்பிறந்தவர்களுக்கு வரன் பார்க்கும்போது அவரைப் பற்றிய பேச்சு தவிர்க்கப்படுவதும் இந்தக் கணக்கின் விளைவுகளே.

இதில் உள்ள முரண் கடுமையானது. எந்த உழைப்பைக் கொண்டு மனிதரின் மதிப்பு அளக்கப்படுகிறதோ அந்த உழைப்பே இப்பகுதியில் ஊனத்தை ஓயாமல் உண்டாக்கியும் வருகிறது. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் பல ஆண்டுகளில் தொழிலாளியின் செவியைப் படிப்படியாக மழுங்கச் செய்கிறது. பட்டறையின் பவர் பிரஸ் நொடியில் விரல்களை எடுத்துவிடுகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவரின் முதுகுத்தண்டு முறிகிறது. பணியிட விபத்துக்கான இழப்பீட்டை வகுத்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7 என்று வகுத்தது. இந்த எண்கள் குறிப்பது வலியையோ அன்றாட வாழ்வில் ஏற்படும் மாற்றத்தையோ அன்று. சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பை மட்டுமே அவை குறிக்கின்றன. இழப்பீடு தர ஏதோவொரு கணக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழிலாளர் சட்டத்தின் தேவைக்காகப் பிறந்த இந்த வகைக் கணக்கு, மனிதரை அறியும் பொதுக் கணக்காகச் சமூகப்பணிக்குள்ளும் நுழைந்துவிட்டது என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

மறுவாழ்வு என்ற பெயரில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மெழுகுவத்தி, சாக்பீஸ், பினாயில், காகித உறை என்று பயிற்சிகளின் பட்டியல் பல ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறது. இவற்றுக்குச் சந்தை இருக்கிறதா, பயிற்சி பெறுபவருக்கு அதில் விருப்பம் உண்டா என்ற கேள்விகள் எழுப்பப்படுவது அரிது. பட்டம் பெற்ற பார்வையற்ற இளைஞரும், பள்ளியையே காணாத மூளை முடக்குவாதமுடைய பெண்ணும் ஒரே மேசையில் அமர்ந்து உறை ஒட்டுகின்றனர்; ஆண்டறிக்கையில் இருவரும் பயனாளிகள் என்ற ஒரே தலைப்பின்கீழ் எண்ணப்படுகின்றனர். வேலை வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளின் சொந்தக் கோரிக்கையே. அரசு வேலைவாய்ப்பில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உறுதிசெய்த 4 விழுக்காடு இடஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்தக் கோரி அவர்களின் சங்கங்கள் போராடி வருகின்றன. வேலையை உரிமையாகக் கேட்பதற்கும், வேலை செய்தால்தான் மதிக்கப்படுவாய் என்று ஒருவரிடம் சொல்வதற்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் பயிற்சிக்கூடங்கள் அழித்துவிடுகின்றன. எந்த வேலையும் செய்ய இயலாத அளவுக்குக் கடும் பாதிப்புடையவர், தம்மைப் பற்றிய கோப்பில் மறுவாழ்வுக்குத் தகுதியற்றவர் என்ற குறிப்போடு முடிந்துபோகிறார்.

இந்தப் பார்வை சமூகப்பணியின் பிறப்போடு வந்தது. அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917இல் வெளியிட்ட நூல், தனிநபர்ப் பணியின் அடிப்படைப் பாடநூலாக விளங்கியது. நோயறிதல் என்ற மருத்துவக் கருத்தே அதன் தலைப்பிலும் நிற்கிறது. சிக்கல் நாடி வந்தவரிடம் இருக்கிறது, அதைக் கண்டறிந்து தீர்ப்பவர் வல்லுநர் என்ற அந்த அமைப்போடுதான் இத்தொழில் உலகெங்கும் பரவியது. 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்ட டாட்டா சமூகப்பணிக் கல்வி நிறுவனமும் 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளியும் அதன் இந்திய வாசல்களாயின. அதற்கான எதிர்க்குரல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளிடமிருந்தே எழுந்தது. உடலில் உள்ள பாதிப்பு ஒன்று, அந்தப் பாதிப்புடையவரைச் சமூகம் ஒதுக்குவதால் நேரும் முடக்கம் வேறொன்று என்று 1976இல் அங்குள்ள ஓர் அமைப்பு பிரித்துக் காட்டியது. கழுத்தெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த சமூகவியலாளர் மைக் ஆலிவர், இதனைச் சமூக மாதிரி என்ற கோட்பாடாக 1983இல் ஒரு நூலில் விரித்தெழுதினார். படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகத்துக்குள் ஒருவர் நுழைய முடியவில்லை என்றால், முடக்கத்தின் காரணம் அவர் காலில் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது என்பது இக்கோட்பாட்டின் சுருக்கம். இதில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி, ஆலிவர் அந்நூலைச் சமூகப்பணியாளர்களுக்காகவே எழுதினார் என்பது. தம் மக்களின் வாழ்வில் அன்றாடம் தலையிடும் தொழில் எதுவென்று அவர் அறிந்திருந்தார்.

கோவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திலோ, மருத்துவச் சான்று முகாமிலோ, ஒரு தொண்டு நிறுவனத்தின் முன்னறையிலோ நிகழும் உரையாடல் ஒன்றை அருகிருந்து கவனிப்பவருக்குத் திறன் மேலாதிக்கம் எவ்வளவு மென்மையாகச் செயல்படுகிறது என்பது புலப்படும். மனு கொடுக்க வந்தவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவரைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பி பின்னால் நிற்கிறார். மேசைக்கு அப்பாலிருந்து வரும் முதல் கேள்வி, "ஏனுங்க, இவருக்கு என்ன பண்ணுது?" என்று நிற்பவரின் முகத்தை நோக்கியே எழுகிறது. "பாவமுங்க, பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க" என்று தம்பி விடையளிக்கிறார். வயது, படிப்பு, வருமானம், தேவை ஆகிய அனைத்தும் இவ்வாறே நிரப்பப்பட்டு, இறுதியில் கைந்நாட்டு வைப்பதற்கு மட்டும் மனுதாரரின் கை தேடப்படுகிறது. அவர் கேட்க நினைத்தது இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டராக இருக்கலாம். தம்பியின் வீட்டிலிருந்து விலகித் தனியே வாழ வழி தேடி அவர் வந்திருக்கலாம். பின்னதாயின், அந்த விருப்பம் அக்கோப்பில் ஏறுவதற்கு வழியே இல்லை, ஏனெனில் விடை சொல்பவர் தம்பி.

சிறு பிள்ளையையும் 'ங்க' சேர்த்து விளிக்கும் மரியாதைக்குப் பேர்பெற்றது கொங்குத் தமிழ். அந்த மரியாதை, நாற்பது வயதான அறிவுசார் குறைபாடுடைய ஆணிடம் வரும்போது "வாடா கண்ணு" என்று மாறிவிடுகிறது. சொல்பவரின் அன்பை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும், குழந்தையாக விளிக்கப்படுபவரிடம் குழந்தையிடம் கேட்கத்தக்கவை மட்டுமே கேட்கப்படும். சொத்து, திருமணம், வாக்கு, வசிப்பிடம் ஆகியவை குறித்த பேச்சு அவருடைய தலைக்கு மேலே நடந்து முடிந்துவிடும். காது கேளாதவரின் நேர்காணலில் சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பதிலாக அவருடைய அக்காவை அமர்த்திக்கொள்வதும் இதே வகையைச் சேர்ந்தது. அக்காவைப் பற்றியே அவருக்கு முறையீடு இருக்கக்கூடும் என்பதை அந்த ஏற்பாடு கருத்தில் கொள்வதில்லை. பேச்சு தெளிவற்ற மூளை முடக்குவாதமுடையவர் ஒரு சொற்றொடரை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பொறுத்திருந்து கேட்பதும், உறவினரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்வதும், எழுத்துப் பலகையையோ படப் பலகையையோ கையருகில் வைத்திருப்பதும் செலவில்லாத மாற்றங்கள். செலவில்லாதவையாக இருந்தும் நிகழாமலிருப்பதிலிருந்தே தடை எங்கிருக்கிறது என்பது தெரிகிறது.

நிலமுடைய குடும்பங்களில் இச்சிக்கல் இன்னொரு வடிவம் கொள்கிறது. தந்தை இறந்தபின் பூமியைப் பாகம் பிரிக்கும்போது, அறிவுசார் குறைபாடுடைய மகளுக்கோ மகனுக்கோ உரிய பங்கிற்குக் கையெழுத்திட ஒருவர் தேவைப்படுகிறார். அப்போதுதான் பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் வேண்டுமென்று விண்ணப்பம் வருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குப் பாதுகாவலரை அமர்த்தும் அதிகாரம் உள்ளூர்க் குழுவிடம் உள்ளது. அக்குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலையிலான அலுவலர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைவிட ஓரடி முன்னே சென்றது: அதன் 14ஆம் பிரிவு, பாதுகாவலர் முறையைக் குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமானதாகச் சுருக்கி, முடிவுகளைப் பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் கலந்தே எடுக்க வேண்டுமென்றும் அவை மாற்றுத்திறனாளியின் விருப்பத்துக்கு இசைய அமைய வேண்டுமென்றும் வகுத்துள்ளது. ஆகவே வீட்டாய்வுக்குச் செல்லும் சமூகப்பணியாளர், விண்ணப்பித்த அண்ணன் நல்லவரா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதோடு நின்றுவிட்டால் சட்டம் கேட்ட வேலையில் பாதியைக்கூடச் செய்யவில்லை. எந்த முடிவுக்கு உதவி தேவை, எவற்றை அவரே முடிவுசெய்ய வல்லவர், யாருடைய உதவியை அவர் விரும்புகிறார் என்பவை அவரிடமே, பல நாள் பழகி, கேட்டறிய வேண்டியவை. நிலத்தின் மதிப்பு ஏறிவிட்ட கோவை, திருப்பூர்ப் புறநகர்களில் இக்கேள்விகளைக் கேட்பதற்குத் துணிவும் வேண்டும்.

காப்பகங்களைப் பற்றிய பேச்சில் இவ்வுரை 2025 மே மாதத்தைக் கடந்து போக முடியாது. பொள்ளாச்சியில் அறிவுசார் குறைபாடுடையோருக்காக நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றிலிருந்த இளைஞர் காணாமற்போய்விட்டதாகக் குடும்பத்தாரிடம் கூறப்பட்டது. அவர் அடித்துக் கொல்லப்பட்டுத் தோட்டமொன்றில் புதைக்கப்பட்டார் என்று காவல்துறை பின்னர் தெரிவித்து, காப்பகத்தைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தது. குற்றத்துக்குப் பொறுப்பானவர் எவர் என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும். சமூகப்பணித் துறை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் 28 பேர் தீயில் வெந்து மாண்டபின், இத்தகைய இடங்களுக்குப் பதிவும் ஆய்வும் கட்டாயம் என்று நாடே பேசியது. 2016ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவுச் சான்றின்றி எவரும் இத்தகைய நிறுவனத்தை நடத்தக் கூடாது என்கிறது. ஆயினும் ஆய்வு என்பது கட்டில்களை எண்ணுவதும், கழிப்பறையைப் பார்ப்பதும், பதிவேட்டில் கையொப்பமிடுவதுமாகவே கருதப்படும்வரை, அங்கு வாழ்பவர்களில் ஒருவரிடமாவது ஊழியர் அருகில் இல்லாத வேளையில் பேசாமல் ஆய்வாளர் திரும்பிவிடுவது நிகழ்ந்துகொண்டே இருக்கும். அவர்கள் சொல்வது நம்பத்தக்கதன்று என்ற முன்முடிவே, அடிப்பவருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

இதற்கு முன்னாலும் ஒரு கேள்வி உண்டு: அந்த இளைஞர் எதற்காகக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்? சமூகத்தில் பிறரைப் போல வாழும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு, குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டுமென்று அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு. பெற்றோரின் களைப்பு உண்மையானது. பகல்நேரப் பராமரிப்பு மையமோ, வீட்டுக்கு வந்து உதவும் பணியாளரோ இல்லாத சிற்றூரில் வயதான தாய்க்கு வேறு வழி தெரிவதில்லை. தமிழ்நாடு அரசு கடும் பாதிப்புடையோருக்கு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. முழுநேர உதவியாளரை அமர்த்த அது எவ்விதத்திலும் போதாது. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2024இல் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியம் 6,000 ரூபாயாக்கப்பட்டதைச் சுட்டித் தமிழ்நாட்டுச் சங்கங்கள் எழுப்பும் கோரிக்கை, காப்பகத்துக்கு மாற்று வேண்டும் என்ற கோரிக்கையும் ஆகும். சேர்க்கைப் படிவத்தை நிரப்பித் தருவது எளிது என்பதால் சமூகப்பணியாளர் அந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்காமல் படிவத்தின் பக்கம் நின்றுவிடுகிறார்.

பெண்களின் நிலையில் இந்த எளிமை இன்னும் கொடியது. மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்களுக்கு, மாதவிடாய்க் காலத் தூய்மையைக் காரணம் காட்டி 1994இல் கருப்பை அகற்றப்பட்டது, அவர்களின் நலத்துக்குப் பொறுப்பானவர்களின் ஏற்பாட்டில்தான் நடந்தது. 2009இல் சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் ஒப்புதலின்றிக் கருவைக் கலைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, சுதந்திரமான, விளக்கம் பெற்ற ஒப்புதலின்றிக் கருவுறும் திறனை நீக்கும் எந்தச் சிகிச்சையையும் தடை செய்கிறது. இருந்தும், மகள் பூப்பெய்தியதும் கருப்பையை அகற்றிவிடலாமா என்று பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விக்கு, சட்டத்தைச் சொல்லி மறுத்து மாற்று வழிகளைக் காட்டுவதற்கு ஆயத்தமாக உள்ள சமூகப்பணியாளர்கள் குறைவு.

சாதியைத் தவிர்த்துவிட்டு இதைப் பேசுவது கொங்கு நாட்டில் பொருந்தாது. நிலமுள்ள வீட்டில் ஒதுக்கி வைக்கப்படுபவருக்குச் சாளையாவது இருக்கிறது. கூலி வேலையைத் தவிர வேறொன்றும் இல்லாத அருந்ததியர் வீட்டில், பார்த்துக்கொள்ள ஒருவர் தங்கினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அடையாள அட்டைக்காக மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அலையும் ஒவ்வொரு பயணமும் அவர்களுக்கு ஊதிய இழப்பு. அதோடு, அவர்களின் உடலைக் கடும் உழைப்புக்கென்றே பிறந்ததாகக் காணும் பழம்பார்வையும் சேர்ந்துகொள்வதால், உழைக்க முடியாமற்போன அருந்ததியர் இரண்டு மடங்கு மதிப்பிழக்கிறார். சாதியை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற சமூகப்பணி மாணவரும் சாதியும் ஊனமும் சந்திக்கும் இந்தப் புள்ளியைத் தவறவிடுகிறார்.

தொழிலுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற வினாவே இவ்வுரையின் கடுமையான பகுதி. கோவையில் பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியும் பாரதியார் பல்கலைக்கழகமும் பிற கல்லூரிகளும் சமூகப்பணியில் முதுகலை வகுப்புகளை நடத்துகின்றன. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு என்பது சட்டம். எனினும் இப்படிப்பின் நடுநாயகமான களப்பணி, பேருந்தேறி ஊர் ஊராகச் சென்று வீடு வீடாக நடப்பவரை மனத்தில் வைத்தே எங்கும் வகுக்கப்பட்டுள்ளது. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு அலுவலகத்துக்குள்ளேயே ஏதோ எழுத்துவேலை ஒதுக்குவது சலுகையாகத் தோன்றினாலும், அவரைத் தொழிலின் மையத்திலிருந்து விலக்குவதே அதன் பொருள். தக்க வசதி என்று சட்டம் குறிப்பது, பிறரோடு சமமாக ஒருவர் பங்கேற்பதற்காக, அமைப்பின்மீது பொறுக்கவியலாத சுமை ஏற்றாமல், அவரவர் தேவைக்கேற்பச் செய்யப்படும் மாற்றம். அதை மறுப்பதே பாகுபாடு என்பதை 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. போக்குவரத்துப் படியோ, துணை வரும் சக மாணவரோ, தொலைபேசி வழி நேர்காணலுக்கு உரிய மதிப்பெண்ணோ தருவது எந்தத் துறைக்கும் சுமையாகாது.

மாற்றுத்திறனாளிகள் பயனாளிகளாக மட்டுமே இருப்பார்கள் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டு அனுபவம் எப்போதோ பொய்யாக்கிவிட்டது. முதுகுத்தண்டு பாதிப்புக்குள்ளான ச. ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், சேலத்தில் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் உருவாக்கிய ஆதவ் அறக்கட்டளை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பாதிப்புடைய ஜே. ஸ்வர்ணலதா கோவையில் தொடங்கிய ஸ்வர்கா அறக்கட்டளை ஆகிய மூன்றும் பாதிப்பை உள்ளிருந்து அறிந்தவர்களால் வழிநடத்தப்பட்டவை. இத்தகைய அமைப்புகளுக்கு மாணவர்கள் பார்வையாளர்களாகச் சென்று, தன்னம்பிக்கைக் கதை கேட்டுக் கண்கலங்கித் திரும்புவது வழக்கமாகியுள்ளது. ஊனத்தோடு வாழ்வதையே வீரச்செயலாகப் போற்றும் அந்தக் கண்ணீர், வீரம் காட்டத் தேவையில்லாத சாதாரண வாழ்க்கைக்கான கோரிக்கையைக் கேட்கவிடாமல் செய்கிறது. அவர்களிடம் மாணவர்கள் கற்க வேண்டியது தொழில்நுட்பம்: வீடு வரை சென்று சேரும் சேவையை எப்படித் திட்டமிடுவது, சரிவுப்பாதை எந்தச் சாய்வில் அமைந்தால் தனியே ஏற முடியும், உதவியாளரை அமர்த்துவதும் விலக்குவதும் யார் கையில் இருக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்ட திருத்தங்கள், நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிவகுத்தன. கொங்கு நாட்டின் ஊராட்சிகளில் இவ்வுறுப்பினர்கள் அமரும்போது, மன்றக் கட்டடத்தின் வாசற்படி, நிகழ்ச்சி நிரல் எழுதப்படும் வடிவம், பேசுவதற்கு ஒதுக்கப்படும் நேரம் ஆகிய அனைத்தும் திருத்தப்பட வேண்டியிருக்கும். ஊரில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனர், அவர்களுள் எவருக்கு அடையாள அட்டை இல்லை என்ற கணக்கும் இவ்வுறுப்பினர்களுக்குத் தேவைப்படும். கோவையின் சமூகப்பணித் துறைகள் தம் மாணவர்களை இந்த வேலைக்கு அனுப்பலாம். அப்போது களப்பணியின் திசையை வகுப்பவராகவும், மாணவரின் அறிக்கையை வாசித்துத் திருத்தி மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையொப்பமிடுபவராகவும் இருக்க வேண்டியவர் அந்த ஊராட்சியின் மாற்றுத்திறனாளி உறுப்பினர்.